இழுத்து மாட்டிய டயர்

ஜனவரி 11

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இங்கே சௌக்கியம். அங்கே உங்கள் முதுகு வலி எப்படி, அக்காவின் இருமல் எப்படி என்று எழுதவும். இரண்டு ஞாயிறாக உங்கள் கடைப் போனுக்கு அடித்தேன். இரண்டு முறையும் நீங்கள்தான் எடுத்து, அக்கா வரவில்லை என்றீர்கள். மாடிப்படி இறங்கி நாலு கடை தாண்டி வர அவளுக்கு அவ்வளவு சோம்பலா?

ஒரு விஷயம். திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். காருக்குப் புது ரிம் போட்டுவிட்டேன். ஒன்பது இஞ்ச் அகலம். டயர் மட்டும் பழைய அளவுதான், நூற்றுத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் அகலம். டயரின் இரண்டு ஓரமும் ரிம்மை எட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கச் சுவர் சாய்ந்து, விறைப்பாக நிற்கிறது. பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இது அழகுக்காக மட்டும் இல்லை. பக்கச் சுவர் விறைத்து நின்றால் வளைவில் டயர் நெளியாது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய மறுகணம் கார் திரும்பும், ரோட்டில் பிடிப்பும் கூடும். லிஃப்ட் மெக்கானிக் இவன் சொல்லி டயர்க்கடைக்காரன் நான் கேட்கவா போகிறேன் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். அவள் எனக்குத்தான் ஓட்டுப் போடுவாள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

ஜனவரி 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள்.

இருபத்தாறு வருஷமாக டயர் கழற்றி மாட்டுகிறவனுக்கே காது குத்துகிறாயே. உன் டயருக்கு ஏழரை இஞ்ச் ரிம்தான் உச்சம். நீ அதற்கு மேல் ஒன்றரை இஞ்ச் இழுத்திருக்கிறாய். ஸ்டீயரிங் சுருக்காகத் திரும்பும் என்கிறாயே, அது வாஸ்தவம். இல்லை என்றால் நான் பொய்யன். ஆனால் திரும்புவது வேறு, பிடிப்பது வேறு. இழுத்த இழுப்பில் டயரின் அடிப்பட்டை ஓரங்களில் தூக்கிக்கொள்ளும், நடுப்பகுதிதான் ரோட்டில் அழுந்தும். நெளிய வேண்டிய ரப்பர் நெளியாவிட்டால் பள்ளம் மேட்டில் சக்கரம் குதிக்கும். குதிக்கிற நேரத்தில் பிடிப்பு ஏது?

இன்னொன்று. டயரின் ஓரத்தில் உள்ளே கம்பி ஓடுகிறது. அது ரிம்மின் விளிம்பில் நேராக உட்கார வேண்டும். உன்னுடையது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. காற்று கொஞ்சம் குறைந்த ஒரு நாள், ஏதோ ஒரு வளைவில், அது எழுந்து போய்விடும். ஊரார் பார்க்கிறார்கள் என்று சொன்னாய். அன்றைக்கும் பார்ப்பார்கள்.

போனுக்கு வரவில்லை என்று அக்காவைக் குறை சொல்லாதே. போனில் பேசியது போன இடம் தெரிவதில்லை, கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிக்கலாம் என்கிறாள். இனிமேல் எழுது.

அன்புடன்,
அத்தான்

*தம்பி, நான் நல்லா இருக்கேன். இவர் டயரைப் பத்தி எழுத உக்காந்தா சாப்பாடு ஆறிப்போகுது. நீ விடாதே. நான் உன் கட்சி. அக்கா.*

பிப்ரவரி 8

அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் நலம்தானே. எனக்குக் குறை ஒன்றுமில்லை.

வாயால் பேசி என்ன பயன் என்று சோதித்தே பார்த்துவிட்டேன். எங்கள் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் ஒரு காலி முற்றம். காலிப் பெயின்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து நடுவில் வளைந்து வளைந்து ஓட்டினேன். என்னோடு வேலை பார்க்கிறவன் ஒருவன், தடிமனான கண்ணாடி போடுவதால் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிடுவோம், அவன் கடிகாரம் பிடித்தான். பழைய ரிம்மில் நாலு டப்பா விழுந்தது. புது ரிம்மில் ஒன்றுகூட விழவில்லை. கார் கை சொன்னதைக் கேட்கிறது. பிரேக்கும் போட்டுப் பார்த்தோம், அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஜூன் முடிந்தால் எனக்கு வேலை நிரந்தரம். ஜூலையில் பத்து நாள் லீவு போட்டு இந்தக் காரிலேயே வருவேன். அக்காதான் முன்சீட். நீங்கள் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டு வரலாம்.

அக்கா ஏன் பென்சிலில் எழுதியிருக்கிறாள்? எழுத்தும் கோடு கோடாக இருக்கிறதே.

தம்பி

பிப்ரவரி 20
(எழுதினேன், தபாலில் சேர்க்கவில்லை)

மாப்பிள்ளை,

பென்சில் ஏன் என்று கேட்டாய். உன் அக்கா படுத்துக்கொண்டேதான் எழுதுகிறாள், அப்படி எழுதினால் பேனாவில் மை இறங்காது. அதனால்தான் பென்சில்.

போன வருஷம் ஆபரேஷனில் எடுத்தாகிவிட்டது என்றார்களே, அந்தக் கட்டி திரும்ப வந்திருக்கிறது. இப்போது இரண்டு நுரையீரலிலும். மூன்று வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்குகிறாள். போனில் கேட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் கடிதம் கேட்டாள். ஜூலை வரை தாங்குவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, பார்க்கலாம் என்றார்.

போன தடவை நீ போட்டது போட்டபடி ஓடி வந்தாய். வந்து மூன்று மாதம் இவள் கட்டிலருகிலேயே கிடந்தாய், வேலை போனது. மறுபடி ஒரு வேலை கிடைக்க உனக்கு எவ்வளவு நாள் ஆனது என்பதை இவள் மறக்கவில்லை. "ஜூன் முடிஞ்சு அவனுக்கு நிரந்தரமாகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணிவிட்டேன். அனுப்புகிற கடிதத்தையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட விடுகிறாள்.

மதியம் கொஞ்சம் கண் அசந்திருக்கிறாள், அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன். எழுதினால் நெஞ்சுப் பாரம் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.

பிப்ரவரி 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருவரும் நலம். போன கடிதம் எழுதி முடித்ததும் பேனாவை எங்கேயோ வைத்துவிட்டேன், அதனால் அக்காவுக்குப் பென்சில். நீ துப்பறிய வேண்டாம்.

டப்பா விழாதது பெரிய காரியம் இல்லை. மெதுவாக ஓட்டினால் மாட்டு வண்டியிலும் விழாது. பிரேக் என்ன ஆயிற்று? ஒருவன் எதை அப்புறம் சொல்கிறேன் என்கிறானோ அதில்தான் விஷயமே இருக்கும்.

அத்தான்

*டப்பா விழலைன்னதும் இவர் மூஞ்சி போன போக்கைப் பார்த்து சிரிச்சேன், புரையேறிடுச்சு. முன்சீட்டை யாருக்கும் குடுத்திடாதே. அக்கா.*

ஏப்ரல் 12

அன்புள்ள அத்தானுக்கு,

நலமறிய ஆவல். மார்ச் முதல் வாரம் ஒரு கடிதம் போட்டேன், பதிலே இல்லை. அக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. டயர் விஷயத்தில் நான் வாயாடியது கோபமா? கோபம் என்றால் நாலு திட்டுத் திட்டி எழுதுங்கள், இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குச் சந்தோஷமான சேதி ஒன்று சொல்கிறேன். முன்பக்க இடது சக்கரத்தில் வாரத்துக்கு ஒரு முறை காற்றுக் குறைகிறது. அடித்துக்கொள்கிறேன். மற்றபடி கார் சொக்கத் தங்கம்.

அக்காவுக்கு மடக்குகிற சாய்வு நாற்காலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாடி வாசலில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கலாம். போன வருஷ ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டச் சொன்னார்களே, காட்டினீர்களா? டாக்டர் என்ன சொன்னார்? அதை எழுதுங்கள்.

தம்பி

மே 18

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதம். கடையில் வேலை ஜாஸ்தி. கோபம் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் காட்டினோம்.

ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே ஒரு நடை வந்துவிட்டுப் போ. காரில் வராதே. காற்றுக் குறைகிற டயர், அதுவும் இழுத்து மாட்டியது, வெயிலில் ஒன்பது மணி நேரம் ஓட்டக் கூடாது. ரயிலில் வா. நாளைக்கே ரயில் டிக்கெட் கிடைத்தாலும் ஏறி வா. மற்றதில் எல்லாம் என்னோடு சண்டை போடு, இதில் மட்டும் என் பேச்சைக் கேள். ரயிலில் வா மாப்பிள்ளை.

அத்தான்

*நல்லா இருக்கேன்.*

மே 27

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தைக் கண்ணாடியிடம் படித்துக் காட்டி இருவரும் சிரித்தோம். ஒரே கடிதத்தில் மூன்று முறை ரயில். நான் காரில் வந்து உங்கள் கடை வாசலில் இறங்கினால் இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் என்ன ஆவது என்று பயந்துவிட்டீர்கள், அதுதானே?

சீக்கிரம் வரச் சொன்னீர்கள், வருகிறேன். ஆனால் காரில்தான் வருவேன். ஜூன் 6, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியம் மூன்று மணிக்கு அங்கே இருப்பேன். திங்கள் ஒரு நாள் லீவு சொல்லியிருக்கிறேன். டிக்கியில் இடம் போதாததால் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அக்காவின் நாற்காலியை வைக்கிறேன்.

அக்கா இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறாள். நேரில் வந்து சண்டை பிடிக்கிறேன் என்று சொல்லுங்கள்.

தம்பி

ஜூன் 28

மாப்பிள்ளைக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா என்றுகூட நீ எழுதவில்லை. சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? எனக்கு வருவதில்லை. அலமாரிக் கதவு அவள் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும். எனக்கு அது மூட வரவில்லை. திறந்தே கிடக்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து இறங்கினாய். சனிக்கிழமை வேலை முடியத் தாமதமாகிவிட்டது, ராத்திரிதான் கிளம்பினேன் என்றாய். கேட்டுக்கொண்டேன். நீ திரும்பிப் போகிற அன்று, காற்றாவது பார்த்து அனுப்புவோம் என்று குனிந்தேன். முன்பக்க இடது டயர் மட்டும் புதிது. ரிம் விளிம்பு ரோட்டில் உராய்ந்து பல்லுப் பல்லாகத் தேய்ந்திருந்தது. நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மறுபடி சொல்கிறேன். அவள் சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டாள். நீ மூன்று மணிக்கு வந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது. அதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

ஜூலை 9

அத்தான்,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. முதலில் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் சொல்ல வேண்டும்.

நான் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். ஒரு மணிக்கு, வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது, வலது பக்கம் ஒரு வளைவு. வேகம்கூட இல்லை. முன்பக்க இடது டயர் ரிம்மை விட்டு எழுந்து போய்விட்டது. நீங்கள் எழுதிய அதே மாதிரி. கார் ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றது. எனக்கு ஒரு கீறல் இல்லை. ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலி இருந்தது.

பக்கத்து ஊரில் ஐந்து கடை ஏறினேன். நாலு பேர் இந்த ரிம்மில் இந்த டயரைத் தொடவே மாட்டோம் என்றார்கள். ஐந்தாவது ஆள், நாளைக் காலையில் புது டயர் வரவழைத்து மாட்டித் தருகிறேன் என்றார். நான் சரி என்றேன். அதுதான் அத்தான், சரி என்றேன். கண் முன்னால் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஏறியிருந்தால் நாலு மணிக்கு முன்னால் வந்திருப்பேன். ஆனால் பஸ்ஸில் வந்து இறங்கினால் டயர் கழன்றது உங்களுக்குத் தெரிந்துவிடும். புது டயரை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இறங்க நினைத்தேன். உங்கள் கடைக்கு ஒரு முறை போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். அக்காவின் நாற்காலியை எடுத்துக் கடை வாசலில் பிரித்துப் போட்டு, அதில் சாய்ந்துகொண்டு, சாயங்காலம் வரை பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தானிடம் என்ன பொய் சொல்லலாம் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

பிரேக்கைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்றேன் அல்லவா. பழைய ரிம்மைவிட ஆறு தப்படி தள்ளித்தான் கார் நின்றது. கண்ணாடி மூன்று தரம் அளந்தான். எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும்.

இப்போது உங்கள் முறை. உங்கள் வீட்டிலிருந்து நான் திரும்பக் கிளம்பும்போது கீழ் வீட்டுத் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு மணி வரைக்கும் பேச்சுக்குரல் கேட்டுச்சேப்பா" என்றார். சனிக்கிழமையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நீங்கள் காலையிலேயே என்றீர்கள்.

அக்கா எப்போது போனாள்? என்னைக் கேட்டாளா? பஸ் ஏறியிருந்தால் அவளுக்கு என்னைத் தெரிந்திருக்குமா? டயர் விஷயத்தில் எனக்குச் சாதகமானதைக்கூட மறைக்காமல் சொன்னீர்கள். இதிலும் மறைக்காதீர்கள்.

ஒன்றாம் தேதி நிரந்தர ஆணை வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு அதே கவரில் திருப்பி வைத்துவிட்டேன்.

தம்பி

ஜூலை 30

மாப்பிள்ளைக்கு,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். நீ இவ்வளவு சொன்ன பிறகு நான் ஒளிந்துகொள்வது நியாயம் இல்லை.

நுரையீரலில் திரும்ப வந்தது ஜனவரியிலேயே தெரியும். ஜூன் முடிகிற வரை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மே மாதம் டாக்டர் கையை விரித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் போன் இருந்தது, சுவரில் உன் ஆபீஸ் நம்பர் எழுதியிருந்தது. ஒரு நாள் எடுத்து, பாதி சுற்றிவிட்டு வைத்துவிட்டேன். கடிதம் எழுதினால் அவள் படிப்பாள். அதனால் டயருக்குப் பின்னால் நின்றுகொண்டு உன்னைக் கூப்பிட்டேன். ரயில் ரயில் என்று எழுதினால் உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். இத்தனை மாதம் உன்னோடு டயர்ச் சண்டை போட்டவன், அதே வாயால் கூப்பிட்டால் நீ என்னவென்று எடுத்துக்கொள்வாய்? அந்த ஒரு கடிதத்தில் அக்காவுக்கு முடியவில்லை என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் நீ அன்றைக்கே ரயில் ஏறியிருப்பாய். நீ பஸ் ஏறாதது ஒரு மதியத்துத் தப்பு. நான் ஐந்து மாதம் தப்பு செய்தேன். நீயே எல்லாவற்றையும் சுமக்காதே.

நீ கேட்டதற்குப் பதில். அவள் சனிக்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்குப் போனாள். காலையிலேயே என்று நான் சொன்னது பொய். ஆமாம், உன்னைக் கேட்டாள். ஆமாம், பஸ்ஸில் வந்திருந்தால் உன்னைத் தெரிந்திருக்கும்.

அன்று கடை திறக்கவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு மணிக்குத் தலை வாரிவிடச் சொன்னாள். மூன்று மணியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரைக்குக் கேட்டாள், வழியில் இருப்பான் என்றேன். நாலு மணிக்குப் பிறகு மூச்சு மாறிவிட்டது. நான் எத்தனையோ வால்வு பார்த்தவன், காற்று இறங்குகிற சத்தம் எனக்குத் தெரியும். அப்போது கீழே யாருடைய காரோ வந்து நின்றது.

"வந்துட்டானா?" என்றாள்.

"வந்துட்டான். காரை ஓரமா நிறுத்திக்கிட்டிருக்கான்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "டயரு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலை. சும்மா கிண்ணுனு நிக்குது. நான்தான் தெரியாம உளறிட்டேன்."

சிரித்தாள் மாப்பிள்ளை. சத்தம் வரவில்லை, ஆனால் சிரித்தாள்.

"மேல வந்ததும் சொல்லுங்க அவன்கிட்ட" என்றாள். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "தோத்துட்டேன்னு, உங்க வாயால" என்றாள்.

"சொல்றேன்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நீ மாடி ஏறி வருகிறாய் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ படியேறி வந்தபோது அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவளுக்குச் செய்து கொடுத்த சத்தியங்களில் அது ஒன்றுதான் பாக்கி. நான் தோற்றுவிட்டேன் மாப்பிள்ளை.

சாப்பிடாமல் இருக்காதே.

அத்தான்